முதுகுப்பை எங்கே கிழிகிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அடிக்கடி போய்வருகிறவர்களில் பலர் திருச்சியில்தான் விமானம் ஏறுகிறார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்கப் போன தலைமுறையினரின் ட்ரங்க் பெட்டி கப்பலுக்கு ஒரு சுமையே இல்லை. இன்றோ விமானத்துக்குள் உடன் கொண்டுபோகும் பைக்கு, அது முதுகுப்பையானாலும், பல விமான நிறுவனங்கள் 7 கிலோவைத்தான் அனுமதிக்கின்றன. நீள, அகல, உயரங்களும் ஏறத்தாழ 55, 35, 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அந்த 7 கிலோவில் பையின் எடையும் சேர்த்தி என்பதால், உறுதிக்காகப் பையில் கூட்டும் ஒவ்வொரு நூறு கிராமும் உள்ளே வைக்கும் பொருளிலிருந்து கழிந்துவிடுகிறது. எனவே பை முழுவதையும் தடிமனாக்காமல், கிழியக்கூடிய இடங்களை மட்டும் பலப்படுத்துவதே இதில் உள்ள பொறியியல்.

கடையில் முதலில் காதில் விழுவது டெனியர் என்ற எண். 9000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். அது நூலின் பருமனைத்தான் சொல்லும், வலிமையைச் சொல்லாது. டெனியர் ஒன்றாகவே இருந்தாலும் உராய்வைத் தாங்குவதில் நைலான் பொதுவாகப் பாலியெஸ்டரை விஞ்சிவிடும். நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. இழையை இழுத்து நீட்டித் தயாரிக்கும்போது அவை ஒரே திசையில் வரிசைப்படுகின்றன. உரசும்போது இழை சற்று நீண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதால் எளிதில் அறுவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்யும் காரைக்குடியில் பாவையும் ஊடையையும் விளக்க வேண்டியதில்லை. பாலிஸ்டிக் நைலான் எனப்படும் துணியில் நெடுக்கே ஓடும் பாவு இழைகள் இரண்டிரண்டும் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் இரண்டிரண்டும் சேர்ந்து பின்னிச் செல்லும். இரண்டாம் உலகப்போரில் குண்டுச் சிதறல்களிலிருந்து விமானப்படையினரைக் காக்கும் அங்கிகளுக்காக உருவான துணி அது. பெயரைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். துப்பாக்கித் தோட்டாவை அது தடுக்காது.

துணி இவ்வளவு உழைத்தாலும், பழுதுபார்க்க வரும் பைகளில் தோள் வார் பையோடு சேரும் தையல் அடிக்கடி விட்டுப்போயிருக்கும். 7 கிலோ என்பது அசையாமல் தொங்கும்போது ஏறத்தாழ 70 நியூட்டன் விசை. பையை ஒரே வாரில் பிடித்து வெடுக்கென்று தூக்கினால், மிகக் குறைந்த நேரத்தில் வேகம் மாறுவதால் விசை பல மடங்காகிறது. அத்தனையும் சில சென்டிமீட்டர் அகலமுள்ள தையலில் இறங்குகிறது. அதிலும் ஓரத்துத் தையல்தான் முதலில் இழுபடுகிறது. அது அறுந்தால் சுமை அடுத்த தையலுக்குப் போகும், அதுவும் அறும், இப்படியே வரிசை முழுவதும் பிரிந்துவிடும். தையலை நெருக்கமாக்கினால் போதாதா என்றால், ஊசி போகும் ஒவ்வொரு இடமும் துணியில் ஓர் ஓட்டை. ஒரே கோட்டில் ஓட்டைகள் நெருங்கினால் தபால்தலைத் தாள் போலத் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். இதற்காகத்தான் நல்ல பைகளில் வாரின் நுனியை இரண்டு அடுக்குத் துணிகளுக்கிடையே நுழைத்து, பார்டேக் எனப்படும் குறுக்கும் நெடுக்குமான அடர்ந்த தையலைப் போடுகிறார்கள். விசை ஒரு கோட்டில் குவியாமல் பரப்பில் பரவுகிறது. வாங்குமுன் பையின் உட்புறத்தைப் புரட்டி, துணியின் வெட்டு ஓரங்கள் நாடா வைத்து மூடப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது, டெனியர் எண்ணைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

ஜிப்பில் பற்களைவிட, அவற்றை இணைத்தபடி நகரும் ரன்னரே முதலில் தேய்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி உள்ளே புகுந்தால் இன்னும் விரைவாகத் தேயும். தேய்ந்த ரன்னரின் வாய் அகன்றுவிடுவதால் பற்களை அழுத்திக் கோக்க முடியாமல் போகிறது. குறடால் மெல்ல நெருக்கினால் சில காலம் ஓடும். ஜிப் முழுவதையும் மாற்றச் சொல்பவரிடம் ரன்னரை மட்டும் மாற்றித் தரக் கேட்கலாம்.

பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பை கெடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நீர் புகாமலிருக்கத் துணியின் உட்புறத்தில் பூசும் பாலியூரித்தேன் பூச்சில், எஸ்டர் வகையைச் சேர்ந்ததை ஈரப்பதம் மெல்லச் சிதைக்கிறது. நீர் மூலக்கூறுகள் எஸ்டர் பிணைப்புகளை அறுக்க, பூச்சு முதலில் பிசுபிசுக்கும், பின்பு செதில் செதிலாக உரியும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் பெரிய வீட்டின் பூட்டிய அறையில், ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தோடு அலமாரிக்குள் கிடக்கும் பைக்கு இதுவே நேர்கிறது. ஈதர் வகைப் பாலியூரித்தேனும் சிலிக்கோன் பூச்சும் இந்தச் சிதைவை நன்றாகத் தாங்கும். எந்தப் பூச்சாக இருந்தாலும், ஊரிலிருந்து திரும்பியதும் பையைக் காலிசெய்து, வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் ஜிப்பைத் திறந்து உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிவைத்தால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும்.