அதிராத மனமும் கடல் முயலின் செவுளும்

திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “முன்பெல்லாம் ஓர் ஊழல் செய்தியைக் கேட்டால் இரவு முழுவதும் மனம் கொதிக்கும். இப்போது டீக்கடைத் தொலைக்காட்சியில் ‘பிரேக்கிங் நியூஸ்’ ஓடினாலும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றுவதில்லை. என் சமூக அக்கறை செத்துவிட்டதா?”

இந்தச் சலிப்பு உலகெங்கும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையத்தின் 2024 அறிக்கையின்படி, 39 சதவீதம் பேர் சில வேளைகளிலோ அடிக்கடியோ செய்திகளைத் தவிர்க்கிறார்கள். 2017இல் இது 29 சதவீதம்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் சற்று நேரம் நின்றால் மல்லிகை மணம் தெரியாமல் போகும். அதில் மூக்கின் ஏற்பிகள் மந்தமாவதற்குப் பெரும்பங்கு உண்டு. செய்தி விஷயத்தில் கண்ணும் காதும் குறையின்றி வேலை செய்ய, அதிர்ச்சி மட்டும் எழாமல் போகிறது. இதற்குப் ‘பழகிப்போதல்’ என்று பெயர். அது நரம்புக்குள் நிகழும் விதத்தைக் காட்டியது ஏப்ளிசியா என்னும் கடல் முயல், ஓடு வெளியே தெரியாத ஒரு கடல் நத்தை.

அதன் நீர்க்குழலை, அதாவது நீரை வெளியேற்றும் சதைக் குழாயை, மெல்லத் தொட்டால் செவுளைச் சட்டென உள்ளிழுத்துக்கொள்ளும். பத்து முறை தொட்டபின் அந்த அசைவு வெகுவாகக் குறைந்துவிடும். அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி எரிக் காண்டெலும் குழுவினரும் கண்டது இதுதான்: தோல் உணர்கிறது, தசையும் களைக்கவில்லை, ஆனால் உணர்வு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி கடத்தத் தரும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளின் அளவு ஒவ்வொரு தொடுகைக்கும் குறைந்துகொண்டே போகிறது. ஒரே நாளில் நாற்பது முறை தொடுவதைவிட, நாளுக்குப் பத்து வீதம் நான்கு நாள் தொட்டால் பழக்கம் ஆழமாகப் பதிந்து மூன்று வாரம் நீடித்தது. அப்போது நரம்பின் வடிவமே மாறி, ஓர் உணர்வு நரம்பணுவுக்குச் சுமார் 1,300 என்றிருந்த இணைப்பு முனைகள் 850 ஆகக் குறைந்தன. இவ்வளவையும் ஒரு நத்தை சொல்லிக்கொடுத்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. காண்டெலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. உடனடிப் பயன் தெரியாத இத்தகைய ஆய்வுகளுக்கும் நம் அரசுகள் தாராளமாக நிதி தர வேண்டும்.

மனித மூளை நத்தையினதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. ஆயினும், தினமும் ஒரே நேரத்தில் வரும் விவாத நிகழ்ச்சி அந்த நான்கு நாள் பயிற்சியையே எனக்கு நினைவூட்டுகிறது. பழகிப்போதல் வலுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தொடுகையைத் தொடர்ந்து பெரிதாக எதுவும் நிகழக் கூடாது. குற்றச்சாட்டு வருகிறது, மறுப்பு வருகிறது, விசாரணை அறிவிக்கப்படுகிறது, தீர்ப்பு வருமுன் அடுத்த ஊழல் வந்துவிடுகிறது; இத்தனைக்கும் பிறகு ஆசிரியர் ஐயாவின் தெருவில் எதுவும் மாறுவதில்லை என்பதை அவருடைய மூளை சரியாகவே கற்றிருக்கிறது என்பேன்.

நீண்ட நாள் பழகிப்போன அதே நத்தைக்கு ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தபோது, செயலற்றிருந்த நரம்பிணைப்புகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. அதுபோலவே, ஆசிரியர் ஐயாவின் ரேஷன் கடை அரிசியிலோ ஊர்க் கண்மாய் மண்ணிலோ யாரேனும் கைவைத்ததாகச் செய்தி வரட்டும்; அந்த ஆசிரியர் நிச்சயம் நிமிர்ந்து பார்ப்பார்.