சாப்ளின்: பாதி மேலங்கியில் பிறந்த சொல்

ராணுவச் செய்தி ஒன்றில் 'சாப்ளின்' என்று வந்தால் நம்மில் பலருக்கு மீசையும் தொப்பியும்தான் கண்முன் வரும். அந்த நடிகரின் குடும்பப் பெயருக்கும் வேர் இதேதான், அது தனிக்கதை. இங்கே பேச்சு படையோடு இருக்கும் சமய குருவைப் பற்றி. சீருடை போடுவார், பதவியும் உண்டு, ஆனால் ஆயுதம் ஏந்தமாட்டார்.

அமெரிக்கத் தரைப்படையில் இந்தப் பணி 1775 ஜூலை 29 முதல் இருக்கிறது. ஜெபம் நடத்துவது அதில் ஒரு பகுதிதான். வீரர் இறந்துவிட்டார் என்று சொல்ல அதிகாரி வீட்டுக்குப் போகும்போது கூடுமானவரை சாப்ளினும் உடன் போவார். செய்தியைச் சொல்வது அதிகாரியின் பொறுப்பு, சொன்ன பிறகு அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது இவர் வேலை. அதைவிட முக்கியமானது ரகசியம். கணவன் போர்முனையிலிருந்து வேறு ஆளாகத் திரும்பியிருக்கிறான், தூங்குவதில்லை, கத்துகிறான் என்று ஒரு மனைவி இவரிடம் மனம்விட்டுச் சொன்னால் அது மேலதிகாரி காதுக்குப் போகாது. பதவி உயர்வு கெட்டுவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, சொல் எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டு. தூர் நகரத்துப் புனித மார்ட்டின் ரோமானியப் படை அதிகாரியின் மகன். படைக்காரன் பிள்ளையும் படைக்குப் போக வேண்டும் என்பது அன்றைய சட்டம், 15 வயதில் அவரைப் பிடித்துச் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். பிரான்சின் அமியேன் நகர வாசலில், கடுங்குளிரில், உடுக்கத் துணியில்லாத ஒரு பிச்சைக்காரனைப் பார்த்து, தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் அந்தப் பாதியைப் போர்த்திக்கொண்டு கிறிஸ்து வந்தாராம். மிச்சப் பாதி என்று நம்பப்பட்ட துணியைப் பிற்காலத்தில் பிராங்க் இன மன்னர்கள் போருக்கே எடுத்துப் போனார்கள். லத்தீனில் மேலங்கி 'கப்பா', சின்ன மேலங்கி 'கப்பெல்லா', அதைக் காத்த குருமார் 'கப்பெல்லானி'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அது சாப்ளின் ஆயிற்று. அந்தத் துணியை வைத்திருந்த இடத்துக்கும் கப்பெல்லா என்றே பேர் வந்தது, சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சேப்பல்' அப்படித்தான் பிறந்தது.

தமிழில் என்ன சொல்வது? 'பாதிரியார்' என்று எழுதிவிடலாம்தான். போர்த்துகீசிய 'பாத்ரே' நம் வாயில் பாதிரி ஆனது (சங்கப் பாடல்களில் பூக்கும் பாதிரி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). இந்திய ராணுவத்துக்கு இது சரியாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே சமய ஆசிரியர் பணியில் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாத்ரே என்று மதத்துக்கொரு பேர் இருக்கிறது. அமெரிக்கப் படையில் எல்லா மதத்தாருக்கும் சாப்ளின் என்ற ஒரே பேர்தான். 1943 பிப்ரவரி 3 அன்று கிரீன்லாந்து அருகே அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டார்செஸ்டர் கப்பல் மூழ்கி 670 பேருக்கு மேல் இறந்தார்கள். தங்கள் உயிர்காப்பு அங்கிகளை வீரர்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போன நான்கு சாப்ளின்களில் இருவர் புராட்டஸ்டண்ட் போதகர்கள், ஒருவர் கத்தோலிக்கக் குரு, ஒருவர் யூத ரபி. அந்த ரபியைப் பாதிரியார் என்று எழுத முடியுமா?

'சிற்றாலய குரு' வேர்ச்சொல்லுக்கு விசுவாசமானது, ஆனால் இவர் ஆலயத்தில் இருக்கிற நேரம் குறைவு. 'படைக்குரு' சுருக்கமாக இருக்கிறது, கேட்டதும் துரோணர் வில்லோடு வந்து நிற்கிறாரே! கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமான 'ஆன்மகுரு' என்ற சொல்லே என் தேர்வு. முதல் இடத்தில் 'படைத்துறை ஆன்மகுரு' என்று முழுதாக எழுதி, அப்புறம் ஆன்மகுரு என்று மட்டும் விட்டால் போதும், எந்த மதத்தவருக்கும் பொருந்தும். சாப்ளின் என்றே வைத்துக்கொள்வேன் என்பவர்கள் முதல் தடவையாவது முன்னால் 'ராணுவ' சேர்த்துவிடுங்கள்.