ஐடியோமோட்டார்: எண்ணவழி அசைவு

பல்லடம், காங்கேயம் பக்கம் தோட்டத்தில் போர் போடும் முன் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். ஓரிடம் வந்ததும் தேங்காய் நிமிர்ந்து நிற்கும். வேப்பங்கவை பிடிப்பவருக்குக் கவை சடாரெனக் கவிழும். 'நீரோட்டம் இழுக்குதுங்க' என்பார். இழுப்பது அவருடைய கைத்தசையேதான். ஆனால் அது அவருக்கே தெரியாது. ஏமாற்றுகிறார் என்று சொல்வது பெரும்பாலும் அநியாயம். இந்த அசைவின் பெயர்தான் ஐடியோமோட்டார்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1852-இல் பேசிய உடலியலாளர் வில்லியம் பெஞ்சமின் கார்ப்பென்டர் வைத்த பெயர் இது. கிரேக்கத்திலிருந்து வந்த 'ஐடியா', லத்தீனில் அசைப்பதைக் குறிக்கும் 'மோட்டார்' என இரண்டும் சேர்ந்தது. (கோவைக்காரருக்கு மோட்டார் என்றால் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும், வேர் ஒன்றே.) சூடு பட்டதும் கை விலகுவது அனிச்சைச் செயல், அதற்கு வெளித்தூண்டல் வேண்டும். எண்ணமே தூண்டலாகி, விருப்பம் குறுக்கிடாமல் தசை அசைவதைத் தனியே காட்டத்தான் அவருக்குப் புதுச்சொல் தேவைப்பட்டது.

தமிழில் 'கருத்தியக்கம்' என்றால் ஏதோ கட்சி நடத்துவது போலிருக்கிறது. 'நினைவசைவு' ஞாபகத்தோடு குழம்பும். 'எண்ணவழி அசைவு' நீளம்தான், ஆனாலும் பொருள் பிசகாது.

ஓர் அசைவை நினைக்கும்போதே மூளையில் அசைவுக்கு ஆணையிடும் மேற்பகுதியான இயக்கப் புறணியும் அதிலிருந்து தண்டுவடம் வழியே தசைக்கு இறங்கும் பாதையும் கிளர்ச்சியடைகின்றன. வழக்கமாக மூளை அதை அடக்கிவைக்கும். அடக்கம் முழுமையாக இல்லாதபோது கண்ணுக்குத் தெரியாத சிறு இழுப்பு தசையில் உண்டாகும். அதைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு கருவி இருந்தால் போதும். கவையின் இரு கைகளையும் வெளிப்பக்கமாக விரித்து முறுக்கிப் பிடிப்பதால் அது எப்போது வேண்டுமானாலும் கவிழும் நிலையில் இருக்கிறது. மணிக்கட்டு நூலளவு திரும்பினாலே புரண்டுவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். 25 செ.மீ. நூலில் ஒரு நட்டைக் கட்டுங்கள். தாளில் 10 செ.மீ. வட்டம் போட்டு நடுவில் கூட்டல் குறி வரையுங்கள். முழங்கையை மட்டும் மேசையில் ஊன்றி, நட்டைக் குறியின் மையத்துக்கு மேல் தொங்கவிட்டு, அது ஒரு கோட்டின் வழியே ஆடுவதாக நினைத்துக்கொண்டே பாருங்கள். பலருக்குச் சற்று நேரத்தில் ஆடத் தொடங்கும். இந்த நீளத்தில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ 1 நொடி. அதே தாளத்தில் விரல் தரும் சிறு தள்ளல்கள், தூரியைத் தள்ளுவதுபோல், ஒன்றின்மேல் ஒன்று சேர்கின்றன. ஆடவில்லையா? மின்விசிறி ஓடுகிறதா, மணிக்கட்டு மேசையில் படிந்திருக்கிறதா, நூல் மிகக் குட்டையா என்று பாருங்கள். வேண்டுமென்றே ஆட்டினால் சோதனைக்குப் பொருளில்லை.

பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833-இலேயே இதை எழுதியிருக்கிறார். கைக்குத் தாங்கலை விரல்பக்கம் நகர்த்த நகர்த்த ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டியதும் விரைவில் தளர்ந்தது. 1853-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே, பலர் கைவைத்ததும் 'தானே' நகர்ந்த மேசையில் கைக்கும் பலகைக்கும் இடையே மென்பசை தடவிய அட்டைகளை அடுக்கினார். முதலில் நகர்ந்தது கைப்பக்கத்து அட்டை. கையின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைக் கண்முன் வைத்ததும் மேசை அசையவில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுவது அசைவுக் கற்பனை. அது முயன்று செய்வது. பக்கவாத மறுபயிற்சியிலும் விளையாட்டுப் பயிற்சியிலும் பயன்படுகிறது. 1992-இல் யூ, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில் 4 வாரம் சுண்டுவிரல் தசையை இறுக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களின் வலு சராசரி 22% கூடியது; உண்மையாகவே இறுக்கியவர்களுக்கு 30%. கற்பனையின்போது தசை ஓய்வில்தான் இருந்தது. மாறியது தசைக்கு நரம்பு தரும் ஆணை.

தேங்காய்க்காரரைச் சோதிக்க விரும்பினால், அவர் சொன்ன இடங்களில் முளையடித்து, கண்ணைக் கட்டி, வேறு திசையிலிருந்து அதே தோட்டத்தில் நடக்கவிடுங்கள். தேங்காய் அதே முளைகளில் எழுகிறதா என்று, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லிவிடும் முன் பார்த்துவிடலாம்.