‘மூவுடல் சிக்கல்’: உடலும் இல்லை, சிக்கலும் இல்லை

சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் அறிவியல் நாவலை, 2014இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ என்ற அதன் பெயரைத் தமிழில் சொல்ல நேரும்போதெல்லாம் ‘மூவுடல் சிக்கல்’ என்றே காதில் விழுகிறது. அதையே நானும் சொல்லிவைக்க, என் சித்தப்பா, “மூணு பொணம் கெடக்குதாப்பா, யார் கொன்னது?” என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை.

ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று பொருள்களின் இப்போதைய இடமும் வேகமும் தெரிந்தால், பிற்பாடு அவை எங்கே இருக்கும் என்று கேட்பதுதான் இந்தப் பெயர் குறிக்கும் கணக்கு. இரண்டு பொருளுக்கு நியூட்டன் 1687இலேயே விடை சொல்லிவிட்டார்; ஞாயிறு, புவி, நிலவு என்று மூன்றானதும் எல்லா நிலைக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் கைக்கு வரவில்லை.

நியூட்டன் எழுதிய இலத்தீனில் ‘கார்ப்பஸ்’ உடலையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘பாடி’யும் அப்படியே. நாவலின் சீனப் பெயரான ‘சான் தி’யில் உள்ள ‘தி’ அம்மொழியில் திண்மம், நீர்மம், வளிமம், விண்பொருள் ஆகிய சொற்களிலெல்லாம் வருகிறது. தமிழில் உடலுக்கு அந்தப் பரப்பு கிடையாது. சேலைக்கு உடலும் முந்தானையும் உண்டே என்பார்கள். அது முழுமையின் ஒரு பகுதிக்குப் பெயர். இங்கே பேசப்படுவதோ கை, கால், ஓரம் எதுவுமில்லாத, புள்ளியாகவே கொள்ளப்படும் ஒன்று. பள்ளிப் பாடநூலில் மேலிருந்து விழுவது பொருள்தான், உடல் அன்று. இந்த நாவலில் குழப்பம் இன்னும் கூடும்: மூன்று சூரியன்களின் வெம்மைக்கு அஞ்சும் மாந்தர் உடலின் நீரை வடித்து, பாயைப்போலச் சுருட்டி வைக்கப்படுகிறார்கள். தலைப்பில் உடலைக் கண்டவர் அந்த இடத்தில் “ஓ, இதுதானா?” என்று தவறாகத் தெளிவடைவார்.

‘சிக்கல்’ என்போர், அந்த இயக்கம் சிக்கலானதுதானே என்று வாதிடுகிறார்கள். சிக்கு விழுவது விடையில். பெயரோ கேள்விக்கு உரியது. ஆங்கிலத்தில் ‘ப்ராப்ளம்’ என்று கண்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், பள்ளியில் தாங்கள் போட்டவை கணக்குகளே, சிக்கல்கள் அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். கணக்கு என்றால் மளிகைக்கடை வாடை அடிக்கிறதாம்! கோள்களின் நிலையைக் கணித்தவர்களுக்கு அந்த வாடை அடிக்கவில்லை.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘முப்பொருள்’ என்று சுருக்கச் சொன்னார். தூய சொல்தான், ஆனால் பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தம் அதில் எப்போதோ குடியேறிவிட்டது. ‘முந்நிறை’ எனக்கே பிடித்திருந்தது; இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பது எடையைக் குறிப்பதாலும், நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பதாலும் அதை விட்டுவிட்டேன். எனவே ‘மூன்று பொருள் கணக்கு’ என்று பிரித்தே எழுதுகிறேன். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “விடை என்ன வந்துச்சு?” என்றார்.