சபை ரிஜிஸ்டரை லேமினேஷன் கடைக்கு தூக்கிட்டு போகாதீங்க, லண்டன்ல அதுக்கு காப்பி இல்ல

போன மாசம் இன்னொன்னு வந்துச்சு. இந்த வருஷத்துல இது நாலாவது. கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு பழைய லண்டன் மிஷன் சபை (லண்டன்ல தலைமை ஆபீஸ் வச்சிருந்த மிஷனரி சங்கம் ஆரம்பிச்சது), பேர் வேண்டாம், ஆண்டு விழா கண்காட்சிக்குன்னு ஞானஸ்நான ரிஜிஸ்டரோட தையலைப் பிரிச்சு முதல் 14 தாளை தனியா எடுத்து ஜெராக்ஸ் கடையில குடுத்து லேமினேட் பண்ணியிருக்காங்க, அது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ உள்ள தாள் பழுப்பேறி எழுத்து இருக்கிற இடமெல்லாம் விரிசல் விடுது, மேடம் ஏதாவது பண்ண முடியுமான்னு ஒரு துணிப்பையில போட்டு கொண்டு வந்தாங்க. பழைய தாள், பழைய புத்தகம் பழுது பாக்குறதுதான் என் வேலை. அந்த 14 தாளுக்கு என்னால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, சூடு வச்சு ஒட்டின பிளாஸ்டிக்கை உரிச்சா தாளும் சேந்து வரும்.

ஏன் சார் இப்படி பண்ணீங்கன்னு கேட்டேன். சபை செயலர் நல்ல மனுஷர், உண்மையான அக்கறையிலதான் செஞ்சிருக்கார். அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வச்சது. "எப்படியும் லண்டன்ல ஒரு காப்பி இருக்கும்ல மேடம்."

இல்ல சார். இல்லவே இல்ல. மதுரைப் பக்கம் போனா இதையே "அமெரிக்காவுல இருக்கும்"னு சொல்றாங்க. அதுவும் இல்ல. இதை நான் எத்தனை கமிட்டிகிட்ட சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல, அதனால ஒரு தடவை முழுசா சொல்லிடுறேன்.

லண்டன் மிஷன் 1795ல ஆரம்பிச்சது, ரிங்கல்தௌபே 1806ல மயிலாடிக்கு வந்தார், அதுக்கப்புறம் மீட் ஐயர், மால்ட் ஐயர்னு நாகர்கோவிலை மையமா வச்சு வேலை நடந்துச்சு. இவங்க எல்லாரும் தலைமை ஆபீசுக்கு கடிதம் எழுதினாங்க, வருஷ அறிக்கை அனுப்பினாங்க, போட்டோ அனுப்பினாங்க. அந்தக் கட்டுகள்தான் இன்னிக்கு லண்டன்ல ஸோவாஸ் கல்லூரி ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதே மாதிரி 1834ல மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனோட கடிதங்கள் ஹார்வர்டுல ஹௌட்டன் நூலகத்துல இருக்கு. அருமையான சேகரிப்புங்க, ஆனா அதெல்லாம் மிஷனரி எழுதினது. "இந்த வருஷம் இத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க"ன்னு ஒரு எண்ணிக்கை இருக்கும், பெரிய ஆள் ரெண்டு மூணு பேரோட பேர் இருக்கும். உங்க பூட்டியோட பேர் அதுல எப்படி இருக்கும்? அந்தப் பேரை எழுதினது உங்க ஊர் உபதேசியார், எழுதின புத்தகம் உங்க வெஸ்ட்ரி (கோயிலோட ஆபீஸ் அறை) பீரோவுல இருக்கு.

இதுக்கு ஒரு காரணமும் இருக்கு. இந்த சபைகள் காங்கிரிகேஷனல் முறையில வந்தவை. அந்த முறையோட அடிப்படையே ஒவ்வொரு உள்ளூர் சபையும் தன் காரியத்தை தானே பாத்துக்கும்கிறதுதான், மேல பிஷப் கிடையாது. சபையில யாரைச் சேக்குறது, யாரை நீக்குறது, பஞ்சத்துல யாருக்கு உதவுறது, எல்லாம் சபைக் கூட்டத்துல பேசி முடிவு பண்ணி மினிட்ஸ்ல எழுதுவாங்க, மேலிடம் இல்லாததால புத்தகமும் எங்கயும் போகாது, அங்கயே இருக்கும். 1908ல தென்னிந்திய ஐக்கிய சபை வந்துச்சு, 1947 செப்டம்பர் 27ல சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, வந்துச்சு, பிஷப்பும் வந்தார், ஆனா அதுக்கு முந்தின புத்தகங்களை யாரும் லாரி வச்சு ஏத்திட்டுப் போகல. அமெரிக்காவுலயே இதே கதைதான். பாஸ்டன்ல இருக்கிற காங்கிரிகேஷனல் லைப்ரரி, நியூ இங்கிலாந்து சபைகளோட 17, 18ஆம் நூற்றாண்டு ரிஜிஸ்டர்களை ஊர் ஊரா தேடி, பரண்லயும் பேங்க் லாக்கர்லயும் இருந்ததை எடுத்து டிஜிட்டல் பண்ணிட்டு இருக்காங்க. காப்பி ஒரு இடத்துல இருந்திருந்தா அவங்க ஏன் பரண் ஏறப் போறாங்க?

அதனால உங்க கையில இருக்கிறது ஒரே ஒரு பிரதி. உலகத்துலயே ஒண்ணு.

அந்த லேமினேட் ஆன தாள்ல ஒண்ணை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன். பழைய பேர், புதுப் பேர், அப்பா அம்மா பேர், ஊர், தொழில், வயசுன்னு கட்டம் போட்டு, இறகுப் பேனாவுல எழுதினது. நாப்பது வயசு பொம்பளை ஒருத்தி, பழைய பேர் ஊர் காவல் தெய்வத்தோட பேர், பக்கத்துல பைபிள் பேர், புருஷன் பனையேறி. மேல வருஷம் 1034. கமிட்டியில ஒரு தம்பி இதைப் பாத்து "உபதேசியார் 1834ஐ தப்பா எழுதிட்டார்"னு பக்கத்துலயே பால்பாயிண்ட் பேனாவுல திருத்தி வச்சிருக்கார். தம்பி, அது கொல்லம் ஆண்டு. அப்போ இந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம், அங்க புழங்கின வருஷக் கணக்கு அது. ஆங்கில வருஷம் வேணும்னா 824 இல்லன்னா 825 கூட்டணும், அப்போ 1034ங்கிறது 1858 ஆவணியில இருந்து 1859 ஆடி வரைக்கும். தோள்சீலைக் கலவரம் நடந்த வருஷம் அது, நாடார் பெண்கள் மேலாடை போடுறதுக்கு அனுமதி குடுத்து 1859 ஜூலை 26ல ராஜா பிரகடனம் போட்டாரே, அதே வருஷம். அந்த வருஷத்துல அந்தப் பொம்பளை எழுந்து போய் ஞானஸ்நானம் எடுத்திருக்கா, அதுக்கு இருக்கிற ஒரே சாட்சி மேல இப்போ நீல மை. எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல.

கணக்குப் புத்தகத்தையும் குப்பைன்னு நினைச்சுடாதீங்க. பிடியரிசிக் காணிக்கை (சமைக்கிறப்போ ஒரு பிடி அரிசி எடுத்து வச்சு சபைக்குக் குடுக்குறது) எந்த வீட்டுல இருந்து எவ்வளவு வந்துச்சு, அதை எத்தனை சக்கரத்துக்கு வித்தாங்கன்னு எழுதியிருக்கும் (28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்). எந்தக் குடும்பம் எந்த வருஷம் மலைத் தோட்டத்துக்கோ சிலோனுக்கோ போச்சுங்கிறது பல நேரம் காணிக்கை நின்ன மாசத்துலதான் தெரிய வரும். பிறப்புப் பதிவு நாடு முழுக்க கட்டாயம்னு சட்டம் வந்ததே 1969லதான், அதுக்கு முந்தின தலைமுறைக்கு வயசு, வாரிசு எதுக்கும் பல நேரம் இந்த ரிஜிஸ்டர்தான் ஆதாரம்.

சரி, என்ன பண்ணணும்? முதல்ல லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம், ஃபெவிகால் வேண்டாம். தையல் பிரிஞ்சிருந்தா தைக்காதீங்க, வெள்ளை பருத்தித் துணியில சுத்தி நாடாவால கட்டி படுக்க வைங்க. பீரோவை வெளிச் சுவர்ல ஒட்டி வைக்காதீங்க, அடித்தட்டுல வைக்காதீங்க, கறையான் கீழ இருந்துதான் வரும். அந்துருண்டை போட்டா போதும்னு பூட்டிட்டு பத்து வருஷம் மறந்துடுறாங்க, மாசம் ஒரு தடவை திறந்து பாக்குறது எந்த உருண்டையையும் விட நல்லது. பச்சை வேப்பிலை வைக்கவே வேண்டாம், ஈரம். கையுறை தேடி அலையாதீங்க, கையைக் கழுவி நல்லா துடைச்சா போதும், துணி கையுறை போட்டாதான் ஓரம் கிழியும். பக்கத்துல பென்சில் மட்டும் இருக்கட்டும்.

மழைத்தண்ணி பட்டுட்டா வெயில்ல காயப் போடாதீங்க, ஒட்டின பக்கத்தைப் பிரிக்காதீங்க, நிழல்ல ஃபேன் கீழ வைங்க. ரெண்டு நாளுக்குள்ள பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள ஆள் கிடைக்கலன்னா பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல போடுங்க. ஆச்சரியமா இருக்கும், ஆனா அதுதான் சரி.

போட்டோ எடுக்கணும்னா தாராளமா எடுங்க, ஜன்னல் வெளிச்சத்துல போன்லயே எடுங்க, அட்டையில இருந்து கடைசி வெத்துப் பக்கம் வரைக்கும் வரிசை மாறாம எடுத்து மூணு பேர் கையில வைங்க. ஆனா எடுத்த கையோட "இனி புத்தகம் எதுக்கு"ன்னு எடைக்குப் போட்டுடாதீங்க, அப்படிப் போட்ட சபையையும் பாத்துட்டேன். வெளியூர்ல இருந்து யாராவது வந்து "ஆராய்ச்சிக்கு ஒரு வாரம் குடுங்க"ன்னு கேட்டா வெஸ்ட்ரியிலயே நாற்காலி போட்டுக் குடுங்க, வெளிய அனுப்பாதீங்க. வச்சுக்க இடமே இல்லைன்னா மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலயோ பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜிலயோ பேசிப் பாருங்க, பழைய திருச்சபை ஆவணத்தோட மதிப்பு தெரிஞ்ச இடங்கள், ஆனா எதைக் குடுத்தாலும் எழுதி வாங்கிட்டுக் குடுங்க.

அந்த செயலர் மேல எனக்குக் கோபம் இல்ல. மீதி 61 தாள் கடைக்குப் போகாம அவர் பீரோவுலயே இருந்திருக்கு, அதையும் போன வாரம் அவரே கொண்டு வந்து குடுத்துட்டார். ஒவ்வொரு தாளா இப்போ தூசி தட்டிட்டு இருக்கேன், நேத்து 1041 வரைக்கும் வந்திருக்கு.