“மொத்தமாக எடுத்துவிடுங்கள் டாக்டர்!”

இந்த வாரமும் அதே பேச்சு. மார்பகப் புற்றுக் கட்டி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, அக்குளில் நெறி கட்டவில்லை. கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு எடுத்து, அப்புறம் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உடன் வந்தவர் குறுக்கிட்டார். “எதற்கு ரிஸ்க்? மார்பையே மொத்தமாக எடுத்துவிடுங்கள் டாக்டர்.” நோயாளி வாயே திறக்கவில்லை. மார்பு என்னவோ அவருடையதுதான்.

மார்பை மொத்தமாக எடுத்தால்தான் உயிர் பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலமாகிறது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியின் மிலானில் உம்பெர்டோ வெரோனேசி, இந்த இரண்டு அறுவை மருத்துவர்களும் 1970களில் தனித்தனியே ஆய்வு தொடங்கினார்கள். சிலருக்கு மார்பு முழுவதும் எடுக்கப்பட்டது. சிலருக்கு மார்பைக் காப்பாற்றும் அறுவையும் கதிர்வீச்சும். 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. உயிரோடு இருப்பதில் வித்தியாசமே இல்லை. அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு, மார்பு மிஞ்சியிருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதல்தான். அதைக் குறைக்கத்தானே கதிர்வீச்சு! உயிருக்கு ஆபத்து வருவது நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று பரவுவதால். மார்பை முழுதாக எடுப்பது அதற்குத் தடுப்பு ஆகாது. முழுதாக எடுத்த பிறகும் அந்த இடத்துத் தோலில் நோய் திரும்புவது உண்டு.

முழுதாக எடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மார்பில் பல இடங்களில் நோய் இருப்பவர்கள், கதிர்வீச்சு கொடுக்க முடியாதவர்கள், மார்பகப் புற்றுக்கு வழிவகுக்கும் மரபணுக் கோளாறு உள்ள சிலர். இவர்கள் தவிர, எல்லாம் புரிந்துகொண்டு நோயாளியே கேட்டாலும் செய்வேன். அடுத்தவர் பயத்துக்காகச் செய்வதுதான் கசக்கிறது. யோசிக்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகிவிடாது. அதையே சாக்காக வைத்து மூன்று மாதம் வேறெங்கோ சுற்றிவிட்டு வராதீர்கள்.

சரி, தேதி குறித்தாயிற்று. சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், மூலிகைப் பொடி, சத்து மாத்திரை உட்பட. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, எங்களிடம் மறைக்கவும் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் தெரிந்தால் மயக்க மருத்துவர் என்னைத்தான் திட்டுவார். புகைப்பவர் இன்றே விடுங்கள், புண் ஆறாது.

வழக்கமாக, திட உணவை ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். முந்தைய இரவிலிருந்தே நாக்கு வறளக் கிடப்பது தேவையற்ற வீரம். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது. அக்குள் முடியை வீட்டில் மழித்துக்கொண்டு வராதீர்கள், கீறல் பட்டால் சீழ் பிடிக்கும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை கொண்டு வாருங்கள், கையைத் தூக்க வலிக்கும்.

புற்று முதலில் பரவக்கூடிய அக்குள் நெறி எது என்று கண்டுபிடிக்க நீலச் சாயம் போட்டால், மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகலாம். பதற வேண்டாம்.

இன்னொன்று. எடுத்த திசுவின் ஓரத்தில் புற்று அணுக்கள் இருக்கின்றனவா என்பது நோயியல் அறிக்கை வந்தால்தான் தெரியும். இருந்தால் இன்னொரு சிறு அறுவை தேவைப்படலாம். கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் “பாதியை விட்டுவிட்டீர்களா?” என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.