மார்பளவு உயரம் என்றால் எத்தனை மீட்டர்?

ஒரு மரம் எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது? பின்லாந்து, கென்யா, பிரேசில் மாணவர்கள் சேர்ந்தே இதற்கு விடை காணலாம். டேப், பாகைமானி, உறிஞ்சுகுழல், நூல், நூலில் கட்ட ஒரு சிறு நட்டு போதும். ஆனால் டேப்பை எந்த உயரத்தில் சுற்றுவது என்பதை எல்லாரும் முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

அடிமரம் கீழே பருத்தும் மேலே சிறுத்தும் இருப்பதால் வனத்துறையினர் மார்பளவு உயரத்தில் அளக்கிறார்கள். அந்த மார்பளவு நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் பெரும்பாலும் 1.3 மீட்டர், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 1.37, ஜப்பானில் 1.2. பல நாட்டுப் பள்ளிகளை 1995 முதல் இணைத்துவரும் குளோப் திட்டத்தில் 1.35. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் அது ஒன்றாக இருந்தால் சரி. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத் தரையிலிருந்து உயரம் பார்க்க வேண்டும். படர்ந்த கொடியை விலக்கிவிட்டு, டேப் தொய்யாமல் சுற்ற வேண்டும்.

சுற்றளவு 94.2 செ.மீ. என்றால் 3.14-ஆல் வகுக்க, விட்டம் 30 செ.மீ.

உயரத்துக்குப் பாகைமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழலை ஒட்டி, நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நட்டைத் தொங்கவிட வேண்டும். மரத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்று குழல் வழியே உச்சியைப் பார்க்கும்போது நூல் 50-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் சறுக்குவது இங்கேதான். ஏற்றக் கோணம் 50 அல்ல. 90-இலிருந்து 50-ஐக் கழித்த 40. டேன் 40° = 0.839. அதை 15-ஆல் பெருக்கினால் 12.6, தரையிலிருந்து கண் வரையுள்ள 1.4-ஐக் கூட்டினால் 14 மீட்டர். கழிக்க மறந்தால் அதே மரம் 19 மீட்டரைத் தாண்டிவிடும்!

வெப்பமண்டல மரங்களுக்கு 2014-இல் வெளியான சூத்திரம் ஒன்று உண்டு. மர அடர்த்தி (கன செ.மீ.க்கு கிராமில்), விட்டத்தின் வர்க்கம் (விட்டம் செ.மீ.-இல்), உயரம் (மீட்டரில்) மூன்றையும் பெருக்கி, 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்க வேண்டும். அடர்த்தி 0.6 என்றால் நம் மரத்தின் தரைக்கு மேலுள்ள உலர் எடை சுமார் 410 கிலோ. அதில் 47 சதவீதம், அதாவது 193 கிலோ, கார்பன். கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 44, அதில் கார்பன் 12. எனவே அதை 44/12-ஆல் பெருக்கினால், காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 708 கிலோ. விட்டம் வர்க்கமாக வருவதால் அதில் 10 சதவீதம் பிசகினால் விடை 20 சதவீதம் பிசகும். உயரத்தில் அதே பிசகு 10 சதவீதத்தோடு நின்றுவிடும். டேப்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

பின்லாந்தின் பிர்ச் மரத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதனால் பள்ளிகள் ஒன்றுக்கொன்று கார்பன் கணக்கை மட்டும் அனுப்பினால் போதாது. மர வகை, சுற்றளவு, கோணம், தூரம், கண்ணின் உயரம் எல்லாவற்றையும் அளந்தபடியே அனுப்ப வேண்டும். பிழை இருந்தால் மறுபக்கத்து மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பின்லாந்தில் 1.35-ஐ 1,35 என்று எழுதுவார்கள். கணினி அட்டவணை அதை 135 என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

மரத்தின் விட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே கூடும். பகலில் இலைகள் நீரை இழக்கும்போது அடிமரம் கொஞ்சம் சுருங்கி, இரவில் மறுபடி உப்பும். ஆகவே டேப் சுற்றிய இடத்தில் பெயின்ட் கோடு போட்டு, மறு ஆண்டும் அதே மாதத்தில், அதே காலை வேளையில், அந்தக் கோட்டின் மேலேயே அளக்க வேண்டும்.